கால அட்டவணையின் கதை – 17: இருபத்தைந்து மணி பத்து நிமிடம்

25:10:00.

இப்படியொரு நேரத்தை எந்தக் கடிகாரமும் காட்டாது. ஆனால் இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான பேருந்து, ரயில் நிறுவனங்கள் வெளியிடும் கோப்புகளில் இது அன்றாடம் புழங்கும் நேரம். இரவு 11:50-க்குப் புறப்பட்ட கடைசிப் பேருந்து கடைசி நிறுத்தத்தைத் தொடும்போது மணி 1:10. நாட்காட்டியில் தேதி மாறிவிட்டது. பணிமனையில் மாறவில்லை. ஓட்டுநர் நேற்று ஏறிய டூட்டியிலிருந்து இன்னும் இறங்கவில்லை. வண்டி நேற்றைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அட்டவணை போடுகிறவர்கள் 24-ஐத் தாண்டி 25, 26 என்று எண்ணிக்கொண்டே போகிறார்கள்.

சென்ற இதழில் அச்சடித்த அட்டவணைப் புத்தகங்களின் காலத்தை முடித்துக்கொண்டோம். இந்த இதழில் கணினி வருகிறது. பணிமனையின் பின்னறையில் மட்டும் புழங்கிய அந்த 25 மணிக் கணக்கு, பயணியின் கைப்பேசி வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தப் பகுதி. கணினி வந்தது 1960-களில். பயணிக்கு அது பரவலாகப் பயன்பட்டது 2005-க்குப் பிறகு. நடுவில் நாற்பது ஆண்டுகள். அந்த இடைவெளி ஏன் என்பது, இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து என் மனதில் இருக்கும் கேள்வி.

முதலில் அந்தப் பின்னறைக்குள் போவோம்.

பேருந்து அட்டவணை என்றால் நமக்குத் தெரிவது நிலையத்தில் தொங்கும் பலகை. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று அது சொல்லும். அந்தப் பலகைக்குப் பின்னால் இன்னும் இரண்டு அட்டவணைகள் உண்டு. எந்த வண்டி எந்தெந்த நடைகளை அடுத்தடுத்து ஓட்டும் என்பது ஒன்று. அந்த வண்டியில் எந்த ஓட்டுநர், எந்த நடத்துநர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது மற்றொன்று. நம் பணிமனைகளில் டூட்டி சார்ட் என்பார்கள். இதைப் போடுகிற வேலைக்கு அமெரிக்காவில் வைத்த பெயர், நேராகச் சொன்னால், ஓட்டங்களை வெட்டுவது. பொருத்தமான பெயர்.

ஒரு பேருந்து காலை 5:10-க்குப் பணிமனையை விட்டுக் கிளம்பி இரவு 9:40-க்குத் திரும்புகிறது. பதினாறரை மணி நேரம். ஒரே ஆள் ஓட்ட முடியாது. எங்காவது வெட்டி இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும். வெட்டுவதும் நினைத்த இடத்தில் முடியாது. வண்டி ஆள் மாற்றும் இடத்தைக் கடக்கும் நேரத்தில்தான் முடியும். 12:50-க்கு வெட்டினால் முதல் ஆளுக்கு 7 மணி 40 நிமிடம், இரண்டாம் ஆளுக்கு 8 மணி 50 நிமிடம். அவருக்கு மிகைநேரப் படி கொடுக்க வேண்டும். அடுத்த வாய்ப்பு 1:45-க்கு. அங்கே வெட்டினால் முதல் ஆளுக்கு மிகைநேரம். காலையிலும் மாலையிலும் கூட்ட நேரத்தில் மட்டும் ஓடும் வண்டிகள் வேறு இருக்கின்றன. அவற்றின் காலைத் துண்டையும் மாலைத் துண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் சம்பளம் மிச்சம். ஆனால் அந்த மனிதர் காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். நடுவில் கிடைக்கும் ஐந்து மணி நேரத்தில் வீட்டுக்கும் போய்வர முடியாது, ஓய்வறையிலும் படுக்க முடியாது. அதனால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே இத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் போராடி ஒப்பந்தம் வாங்கின. இந்த விதிகள் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, நீளத் தாளில் பென்சிலும் அழிப்பானுமாக உட்கார்ந்து இதைப் போட்டவர்களை நான் கைவினைஞர்கள் என்றே சொல்வேன். ஒரு நகரத்துக்குப் புதிய சார்ட் போட வாரக்கணக்கில் ஆகும்.

ஏன் அவ்வளவு நேரம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பேருந்து நாள் முழுக்க ஆள் மாற்றும் இடத்தை எட்டு முறை கடக்கிறது என்று வையுங்கள். கிளம்புவதையும் திரும்புவதையும் சேர்த்தால் பத்துப் புள்ளிகள். பத்தில் எந்த இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டை எடுக்கலாம். மொத்தம் 45 விதம். நூறு பேருந்துகளுக்கு 4,500 துண்டுகள். ஒருவருக்கு இரண்டு துண்டு கொடுக்கலாம் என்றால் வரக்கூடிய ஜோடிகள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். விதிகளுக்கு உட்படாதவற்றைத் தள்ளினாலும் லட்சக்கணக்கில் மிஞ்சும். அவற்றுள் எல்லா வண்டிகளையும், எல்லா நேரத்தையும், விட்டுப்போகாமல் மூடுகிற மிகச் சிக்கனமான தொகுப்பைத் தேட வேண்டும். மனிதர் கண்ணுக்கு எட்டுவது அதில் ஒரு மூலைதான்.

கணினி வந்ததும் முதலில் இதன்மேல் கை வைத்ததற்குக் காரணம் இதுதான். ஓட்டுநர் சம்பளம் நகரப் பேருந்து நிறுவனத்தின் மிகப் பெரிய செலவு. நூற்றுக்கு இரண்டு டூட்டி குறைந்தாலே கணினியின் விலை திரும்பிவிடும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி ரென் என்பவர் 1960-களிலேயே இந்த வேலையைத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் இதைவிட்டு அவர் விலகவில்லை. அமெரிக்காவில் நடுவண் அரசு பணம் கொடுக்க, மைட்டர் நிறுவனம் ‘ரூக்கஸ்’ என்ற மென்பொருளை எழுதி, 1970-களில் போக்குவரத்து நிறுவனங்கள் கையில் கொடுத்தது. பல நகரங்கள் வாங்கிப் போட்டுப் பார்த்தன. பல நகரங்கள் கைவிட்டன. அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த விடையில் ஒரு டூட்டி ஒப்பந்தத்தை மீறியிருந்தால், உள்ளே கொடுத்த எண்களில் எதையோ மாற்றிவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். எதை மாற்றினால் எது மாறும் என்று சார்ட் போடுகிற மனிதருக்குப் புரியவில்லை. முப்பது வருட அனுபவம் உள்ளவரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு இயந்திரம் தனியாக வேலை செய்தது. அது தோற்றதில் எனக்கு வியப்பில்லை.

மாண்ட்ரியலில் வேறு வழி எடுத்தார்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு மையத்தில் ழான்-மார்க் ரூசோவும் அவருடைய தோழர்களும் எழுதியது ‘ஹாஸ்டஸ்’. பிரெஞ்சில் ‘நகர, புறநகரப் போக்குவரத்துக்கான அட்டவணையும் பணி ஒதுக்கீடும்’ என்று வரும் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 1979-இல் தொடங்கப்பட்ட ஜிரோ என்ற நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹாஸ்டஸில் இரண்டு அடுக்குகள். மேல் அடுக்கு நிமிடக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, மொத்தம் எத்தனை டூட்டி, எந்த வகையில் எத்தனை என்று விரைவாக மதிப்பிடும். கீழ் அடுக்கு அந்த மதிப்பீட்டை வழிகாட்டியாக வைத்து உண்மையான வெட்டுகளைப் போடும். எங்கே வேண்டுமானாலும் மனிதர் உள்ளே புகுந்து கையால் திருத்தலாம். மேல் அடுக்குக்கு இன்னொரு பயனும் வாய்த்தது. ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு விதியை மாற்றச் சொல்லிக் கேட்டால், அதனால் செலவு எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று மேசையிலேயே சொல்ல முடிந்தது. அதுவரை இரண்டு தரப்பும் ஊகத்தில் பேசிக்கொண்டிருந்தன.

இந்த ஆட்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தேடிப் போய்ச் சந்தித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1975-இல் சிகாகோ, 1980-இல் லீட்ஸ், 1983-இல் மாண்ட்ரியல், 1987-இல் ஹாம்பர்க் என்று பட்டறைகள் நடந்தன. கணிதக்காரர்களும் பணிமனைக்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். சார்ட் போடுகிறவரின் அனுபவத்துக்குக் கல்விக்கூடத்தில் மதிப்புக் கிடைத்தது அங்கேதான்.

அந்தப் பட்டறைகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்று. வண்டி அட்டவணையை முதலில் முடித்துவிட்டு, அதன்மேல் ஆள் அட்டவணையைப் போடுவது சரியா? எல்லோரும் அப்படித்தான் செய்துவந்தார்கள். வண்டிகளை மட்டும் கோத்துக் கொடுப்பது, ஒரே பணிமனை என்றால், கணினிக்கு எளிது. ஆட்களைக் கோப்பது மிகக் கடினம். எளிதை முதலில் முடித்துக் கதவைச் சாத்திவிட்டால், கடினமானதற்கு அசைய இடம் இருக்காது. ஒரே முனையத்தில் மதியம் ஒரு மணிக்கு இரண்டு பேருந்துகள் நிற்கின்றன. அவற்றின் அடுத்த நடைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்தால் வண்டி எண்ணிக்கை கூடாது. ஆனால் ஒரு வண்டி இப்போது ஆள் மாற்றும் இடத்தைச் சரியான நேரத்தில் கடக்கும். ஓட்டுநரின் டூட்டி எட்டு மணிக்குள் அடங்கிவிடும். வண்டிக் கணக்கை முடித்துப் பூட்டியவருக்கு இந்த வாய்ப்பு கண்ணில் படாது. மைக்கேல் பால், லாரன்ஸ் போடின், ராபர்ட் டயல் மூவரும் 1983-இல் ஆட்களை முதன்மையாக வைத்து இரண்டையும் சேர்த்துப் போடும் முறையை வெளியிட்டார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோட்டர்டாமில் ரிச்சர்ட் ஃப்ரேலிங், டென்னிஸ் ஹுய்ஸ்மான், ஆல்பர்ட் வாகெல்மன்ஸ் ஆகியோர் அந்த நகரத்தின் உண்மையான ஓட்டங்களை எடுத்து முழுமையாக இணைத்துக் காட்டினார்கள்.

இணைப்பின் முதல் படி இது. ஒரே நிறுவனத்துக்குள், வண்டியும் ஆளும் ஒரு கணக்கில் வந்தார்கள்.

பயணிக்கு என்ன கிடைத்தது? பெரிதாக ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 1990-களில் உலகத்தின் பெரிய நகரங்கள் பலவற்றில் ஒவ்வொரு நடையும் நிமிடம் பிசகாமல் கணினிக்குள் இருந்தது. தெருவில் நிற்கிற மனிதர் கையில் மடித்த காகிதம் இருந்தது. பேருந்து ஒரு நிறுவனம், ரயில் ஒரு நிறுவனம் என்றால் இரண்டு காகிதம். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற எவ்வளவு நேரம் இருக்கிறது என்று இரண்டு காகிதத்தையும் விரித்து வைத்து அவரேதான் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தன் பணிமனையின் மொழியை மட்டும் பேசியது. ஒரே நிறுத்தத்துக்கு ஒருவர் வைத்த எண் வேறு, அடுத்தவர் வைத்த எண் வேறு. பல அட்டவணைகளில் நிறுத்தங்களே இல்லை. வழியில் நேரம் குறிக்கும் ஐந்தாறு இடங்கள் மட்டும் இருந்தன. ஓட்டுநருக்கு அது போதும்.

ஐரோப்பாவில் சில இடங்களில் நிறுவனங்களை முதலில் சேர்த்தார்கள். ஹாம்பர்க் நகரம் 1965-இலேயே பேருந்து, சுரங்க ரயில், அரசு ரயில் அனைத்தையும் ஒரு கூட்டமைப்பில் கொண்டுவந்து, ஒரே பயணச்சீட்டு, ஒத்திசைந்த அட்டவணை என்று நடத்திக் காட்டியது. ஐரோப்பிய நாடுகள் பிற்பாடு தரவை எழுதும் முறைக்கு ஒரு பொது இலக்கணம் வகுக்க உட்கார்ந்தன. ‘டிரான்ஸ்மாடல்’ என்று அதற்குப் பெயர். 1990-ஐ ஒட்டித் தொடங்கிய வேலை. நிறுத்தம் என்றால் என்ன, நடை என்றால் என்ன, டூட்டி என்றால் என்ன என்று ஒவ்வொன்றையும் விடாமல் வரையறுத்தார்கள். மிகவும் பொறுப்பான வேலை. ஆனால் மெதுவான வேலை. அதன் அடிப்படையில் தரவைப் பரிமாறும் வடிவம் வெளிவர 2014 ஆகிவிட்டது. அதற்குள் வேறொரு கண்டத்தின் ஓரத்து ஊரிலிருந்து மிக எளிய கோப்பு ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து. அமெரிக்காவின் மேற்குக் கரைப் பகுதியில் இருக்கும் நடுத்தர நகரம். அங்கே பேருந்தும் இலகு ரயிலும் ஓட்டுவது ட்ரைமெட் என்ற பொது நிறுவனம். 1969-இல் தொடங்கியது, மூன்று மாவட்டங்களுக்குச் சேவை செய்வது. கொலம்பியா ஆற்றைக் கடந்தால் வேறு மாநிலம், அங்கே வேறு பேருந்து நிறுவனம். நகரின் நடுவே 2001 முதல் ஓடும் டிராம் நகராட்சியுடையது. பயணிக்கு இந்த எல்லைகள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

ட்ரைமெட்டின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் மேலாளராக இருந்தவர் பிபியானா மெக்ஹியூ. வெளியூர் போகும்போதெல்லாம் அவருக்கு ஒரே தொல்லை. காரில் போக வழி கேட்டால் இணைய வரைபடம் நொடியில் சொல்லிவிடும். பேருந்தில் போக வழி கேட்டால் பதில் இல்லை. அந்த ஊரில் எந்த நிறுவனம் பேருந்து ஓட்டுகிறது என்று கண்டுபிடித்து, அதன் தளத்துக்குப் போய், அங்கே தேட வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு ஒரு சொடுக்கு, பேருந்தை நம்பியிருப்பவருக்கு அரைமணி நேர ஆராய்ச்சி. இது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. படவேண்டிய இடத்தில், படவேண்டியவருக்குப் பட்டது என்பதுதான் இந்த வரலாற்றின் நல்லூழ். ஏனென்றால் தரவு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

2005-இல் அவர் வரைபடம் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதினார். எங்கள் அட்டவணையைத் தருகிறோம், உங்கள் வரைபடத்தில் சேருங்கள் என்று கேட்டார். கூகுள் நிறுவனத்தில் கிறிஸ் ஹாரல்சன் என்ற பொறியாளர், சொந்த விருப்பத்தில் வேறு வேலை செய்ய அந்த நிறுவனம் விட்டுவைத்த ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில், இதே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு முனையும் சந்தித்தன.

போர்ட்லாந்தில் இது உடனே முடிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1990-களின் கடைசியில் ட்ரைமெட் தன் பேருந்துகளில் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி பொருத்திக் கட்டுப்பாட்டு அறை அமைத்திருந்தது. வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிய, ஒவ்வொரு நிறுத்தமும் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக நிறுத்தங்களை இடம் குறித்து, எண் கொடுத்து, தரவுத்தளத்தில் ஒழுங்காக வைத்திருந்தார்கள். அட்டவணைக் கணினியும் வண்டிக் கட்டுப்பாட்டுக் கணினியும் அந்தத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே கைகோத்திருந்தன. பல ஆண்டுகள் பெயர் தெரியாத ஊழியர்கள் செய்துவைத்த அந்த ஒழுங்குதான் 2005-இல் வெளியே வந்தது.

எந்த வடிவில் தருவது? தரவுத்தளத்திலிருந்து அப்படியே எழுத்துக் கோப்பாக இறக்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வரிக்கு ஒரு செய்தி, நடுவில் காற்புள்ளி. அவ்வளவுதான். 2005 டிசம்பர் 7 அன்று போர்ட்லாந்தின் பேருந்தும் ரயிலும் கூகுளின் பயணத் திட்டத்தில் வந்தன. அன்றைக்கு உலகத்தில் அந்த ஒரு நகரம் மட்டும்.

அந்தக் கோப்பை நான் திறந்து பார்த்திருக்கிறேன். யாரும் திறந்து பார்க்கலாம், அதுதான் அதன் சிறப்பு. அரை டஜன் கோப்புகளை ஒரே பொதியாகச் சுருக்கி வைத்திருப்பார்கள். நிறுத்தங்களின் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு நிறுத்தம்: எண், பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. தடங்களின் கோப்பு, நடைகளின் கோப்பு தனித்தனி. நாட்களின் கோப்பில் 1,1,1,1,1,0,0 என்று இருந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை ஓடும், சனி ஞாயிறு ஓடாது என்று பொருள். எல்லாவற்றிலும் பெரியது நிறுத்த நேரங்களின் கோப்பு. எந்த நடை, எந்த நிறுத்தத்துக்கு, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஒரு நகரத்தின் ஒரு வார ஓட்டம் முழுவதும் அதில் லட்சக்கணக்கான வரிகளாக விரிந்து கிடக்கும். வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டே போனால் 08:15:00, 17:42:00 என்று கண்ணுக்குப் பழகிய நேரங்கள் ஓடும். திடீரென்று ஓரிடத்தில் 25:10:00.

முதல்முறை பார்த்தபோது பிழை என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. பின்னறையில் சார்ட் போட்டவர்களின் கை அது. அந்த நேரத்தை 01:10 என்று மாற்றி எழுதியிருந்தால் அந்த நடை எந்த நாளைச் சேர்ந்தது என்ற குழப்பம் வந்திருக்கும். வெள்ளி இரவின் கடைசி வண்டி சனிக்கிழமைக் கணக்கில் போய் விழுந்திருக்கும். பணிமனையின் வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டதால் அந்தச் சிக்கலே எழவில்லை. நேரம் குறிக்காத நிறுத்தங்களுக்கு என்ன செய்வது என்பதற்கும் இப்படித்தான் ஒரு நடைமுறை வழி: அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம், முன்னும் பின்னும் இருக்கும் நேரங்களை வைத்து தரவைப் பயன்படுத்துகிறவர் நிரப்பிக்கொள்வார். ஒரே வண்டி ஓட்டும் நடைகளைக் கோக்கும் ஒரு பத்தியும் உண்டு. ஒரே வண்டி அடுத்த நடைக்குத் தொடர்ந்தால், பயணி இறங்க வேண்டாம், அப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பணிமனைக்கென்று போட்ட வண்டிக் கணக்கு பயணிக்குப் பயன்பட்ட இடம் அது.

ட்ரைமெட் இதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. மற்ற நகரங்களையும் அழைத்தது. 2006 செப்டம்பரில் யூஜீன், ஹொனலூலு, பிட்ஸ்பர்க், சியாட்டில், டாம்பா ஆகிய ஐந்து நகரங்கள் சேர்ந்தன. அந்த மாதமே கோப்பின் வடிவம் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டது. பெயரில் முதலில் கூகுள் என்ற சொல் இருந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய வடிவத்தைப் பொதுத்துறை எப்படி ஏற்கும் என்ற தயக்கம் எழவே, சில ஆண்டுகளில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பொது என்று பொருள்படும் ‘ஜெனரல்’ வைத்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதால் ஜி.டி.எஃப்.எஸ். என்ற சுருக்கம் மாறாமல் தங்கிவிட்டது.

எல்லா நிறுவனங்களும் மனமுவந்து கதவைத் திறக்கவில்லை. அட்டவணை எங்கள் சொத்து என்று சொன்னவர்கள் உண்டு. நியூயார்க்கின் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 2009-இல், தன் ரயில் நேரங்களைக் கைப்பேசிச் செயலியாக எழுதிய ஒருவரிடம் உரிமைத் தொகை கேட்டது. ஊர் திரண்டு எதிர்த்தது. மறு ஆண்டின் தொடக்கத்தில் அதே ஆணையம் தன் தரவைப் பொதுவில் வைத்தது. மக்கள் வரிப்பணத்தில் ஓடும் வண்டி எப்போது வரும் என்ற செய்தி மக்களுக்குச் சொந்தம் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. ஓர் அட்டவணையைப் பூட்டி வைப்பதால் எந்த நிறுவனத்துக்கும் ஒரு ரூபாய் லாபம் வந்ததாக நான் எங்கும் படித்ததும் இல்லை.

இந்தியாவில் கொச்சி மெட்ரோ 2018-இல் இந்த வடிவில் தன் அட்டவணையை வெளியிட்டது. அதே ஆண்டில் டெல்லி அரசு, இந்திரப்பிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து பேருந்துத் தரவுக்கெனத் தனித் தளம் திறந்தது. சென்னையில் பெருநகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் கும்டா அமைப்பு 2025 செப்டம்பரில் கொண்டுவந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே பயணமாகத் திட்டமிட்டு ஒரே சீட்டு எடுக்கலாம். தாமதமாக வந்தாலும் வந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. போர்ட்லாந்தில் தொடங்கி நடந்தது செய்தியின் இணைப்பு. ஓட்டத்தின் இணைப்பு வேறு. ரயில் 9:02-க்கு வந்து, பேருந்து 9:01-க்குக் கிளம்பிவிட்டால், கைப்பேசி அதை உண்மையாகச் சொல்லும்: அடுத்த பேருந்து 9:31. அரைமணி நேரம் நிற்க வேண்டியதுதான். அந்தப் பேருந்தை மூன்று நிமிடம் தள்ளிப் போடும் அதிகாரம் கோப்புக்குக் கிடையாது. அது ரயில் அட்டவணை போடுகிறவரும் பேருந்து அட்டவணை போடுகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நடப்பது. ஜி.டி.எஃப்.எஸ். தொகுப்பில் மாறி ஏறும் இடங்களுக்கென்று ஒரு கோப்பு உண்டு. அதில் ஒரு பத்தியில் 1 என்று எழுதினால், ‘இந்த வண்டி அந்த வண்டிக்காகக் காத்திருக்கும்’ என்று பொருள். அந்த 1-ஐ எழுத எந்தக் கணினியும் தேவையில்லை. எழுதினால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்து அந்த வாக்கை நாடு முழுவதற்கும் கொடுத்து, அதற்கேற்பத் தண்டவாளம் போட்ட கதையை அடுத்த இதழில் பார்க்கலாம்.

அதற்குமுன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். லீட்ஸிலும் மாண்ட்ரியலிலும் நடந்தவற்றுக்கு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. நம் பணிமனைகளில் கையால் சார்ட் போட்டவர்களைப் பற்றி அப்படி எழுதி வைத்தவை எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் நேரக் காப்பாளராக, டூட்டி சார்ட் போடும் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது இருந்தால், அந்த வேலையை எப்படிச் செய்தார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். பரணில் பழைய சார்ட் தாள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

(தொடரும்)